முற்பணம் தந்த அறுபத்தொரு பேர்

ஸ்ரான்லி வீதியில் ரயர்க்கடைக்கு மேலே
இரண்டு அறை, நான்கு கணினி,
ஒழுகுகிற மூலைக்கு ஒரு வாளி.
அங்கேதான் ஓர் அரசைக் கட்டிக்கொண்டிருந்தோம்
மூன்று வருசமாக.

இருநூற்றுப் பதினாறு விதிகள்.
வரி கூட்டினால் வள்ளம் குறையும்.
வள்ளம் குறைந்தால் சந்தையில் அரிசி ஏறும்.
அரிசி ஏறினால் தளபதிக்குக் கோபம் வரும்,
அந்தக் கோபத்துக்கு மட்டும் பதினொரு விதி.
எது எதை இழுக்கிறது என்று
எழுதிய எங்களுக்கே மறந்துபோன ஒருநாள்
துவாரகி சொன்னாள்:
"காசு கட்டின ஆக்களிட்டயே குடுத்துப் பாப்பம்."

மயூரதன் மாட்டன் என்றான்.
"அரைவேக்காட்டைப் பரிமாறிப்போட்டு
உப்புக் காணுமோ எண்டு கேக்கிறதோ?"
ஓம், அதைத்தான் கேட்கப்போகிறோம், என்றேன்.
சமைத்த எங்களுக்கு நாக்குச் செத்து
கன நாளாகிவிட்டது.

அறுபத்தொரு பேர்.
அவர்கள் தந்த முற்பணம் ஏற்கெனவே
மூன்று மாத வாடகையாகவும்
ஓர் இன்வேர்ட்டராகவும் மாறியிருந்தது.
வெள்ளி இரவு அனுப்பினோம்.
அனுப்பிவிட்டு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.
கொத்துரொட்டி பொதியிலேயே ஆறியது.

பன்னிரண்டாம் நிமிடம் முதல் முறைப்பாடு:
யானை கடலில் நடக்கிறது.
ஒஸ்லோவில் ஒருவர்
ஒரே இளவரசியை ஏழு தரம் மணமுடித்து
ஏழு துறைமுகம் சீதனமாய் வாங்கியிருந்தார்.
மனமில்லாமல்தான் அதைத் திருத்தினோம்.

பாசையூரிலிருந்து றெஜினோல்ட் எழுதினார்:
"நான் வாங்கினனானோ, வேலைக்கு வந்தனானோ?"
நீளமாக ஒரு பதில் எழுதினோம்.
அழித்தோம்.
காலையில் "ரெண்டும்" என்று அனுப்பினோம்.
அன்றிரவே பதினேழு பிழை வந்தது,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தூஷணம் இலவசம்.

இடைக்காட்டில் கௌசிகா என்று ஒருத்தி,
வெங்காயச் செய்கை.
ஒன்பது நாள் ஒரு சொல்லும் இல்லை.
விட்டுவிட்டாளாக்கும் என்று பட்டியலில் கோடு போட்டோம்.
பத்தாம் நாள்:
"எண்பதாம் ஆண்டு விளையாடுறன்.
எல்லாப் பக்கமும் கிணறு வெட்டினன்.
ஒரு கிணறும் உவரேறேல்லை.
எங்கட தோட்டத்தில
இறைக்க இறைக்கக் கடல் உள்ளுக்கு வரும்.
நீங்கள் எந்த ஊரில இருந்து செய்யிறியள்?"

தேடிப் பார்த்தேன்.
கிணற்றில் நீர்: முடிவிலி.
முதல் கிழமையில் நான் எழுதிய வரி.
பக்கத்தில் ஒரு குறிப்பு: பிறகு பார்க்கலாம்.
எனக்குப் பின்னால் மேசையில்
இருபது லீற்றர்க் குடிதண்ணீர்ப் போத்தல்,
கிழமைக்கு மூன்று வாங்குகிறோம்.

இருநூற்றுப் பதினேழாவது விதி
எழுத ஆறு நாள் எடுத்தது.
அடுத்த ஞாயிறுக்குள்
ஐம்பத்தெட்டு அரசு விழுந்தது.
இரண்டு பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தோம்.
மயூரதன் கதைக்கவில்லை,
இன்வேர்ட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கௌசிகா மட்டும் ஒரு வரி அனுப்பினாள்:
"இப்ப நானும் தோத்திட்டன். சரி."

வெளியீட்டைத் தைக்குத் தள்ளினோம்.
நேற்று விடியப்புறம் றெஜினோல்ட்,
இந்த முறை தூஷணம் இல்லாமல்:
"என்ர தளபதி கோட்டைக் கதவைத் தானே திறந்து
எதிரியிட்ட தனிய நடந்துபோனான்.
வாளைக் குடுத்து நாலு குடம் தண்ணி கேட்டான்.
சண்டை நிண்டுபோச்சு.
இது நீங்கள் எழுதினதோ, பிழையோ?"

மூவரும் விதிகளைத் தொடக்கத்திலிருந்து வாசித்தோம்.
வாளைக் கொடுக்கச் சொல்லி எங்கும் இல்லை.
கோபத்தின் பதினொன்றும்
கிணற்றின் ஒன்றும்
எங்கோ ஓர் இடத்தில் எங்களைக் கேளாமல்
கதைத்திருக்கின்றன.

துவாரகி பிழைப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறாள்.
வாளியில் சொட்டு விழுகிறது.
அவருக்கு இன்னும்
பதில் போடவில்லை.